நீலத்துக்கு யார் பொறுப்பு?

குன்றத்தூரில் பட்டுப் புடவை எடுக்க வரும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடையில் எத்தனை லைட் போட்டிருந்தாலும் நம்ப மாட்டார்கள். பிடித்த புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெளியே மெரூனாக இருக்கும். உள்ளே கருநீலம், வெளியே கறுப்பு. மயில்கழுத்து என்றால் கேட்கவே வேண்டாம். பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர் என்று நெய்வதால் இப்படித் திருப்பினால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை.

பத்தாயிரம் ரூபாய்ப் புடவைக்கு இவ்வளவு ஜாக்கிரதை. ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கம்பெனி பிரோஷர் அடிக்கக் கொடுக்கிற நம்மைப் போன்ற ஆபீஸ் ஆண்பிள்ளைகள் என்ன செய்கிறோம்? ஷேர் ஆட்டோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் செல்போனில் டிசைனைப் பார்த்து, ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்புகிறோம். ஓகேயாம்!

அந்தக் கட்டைவிரலின் விலை பற்றித்தான் இந்த வாரம்.

பத்திரிகைக்கு எழுதி வரும் பணத்தில் குடும்பம் நடக்காது என்பது என் மனைவி முதல் எடிட்டர் வரை எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அடியேன் பி.காம். ஆகவே மாதக் கடைசியில் நாலு நாள் எங்கள் ஊரில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி சிவகாசிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. பாதி வேலை கல்யாணப் பத்திரிகை. மலை மேல் முருகன் இருக்கும்வரை, முகூர்த்த மாதங்களில் அதற்குக் குறைவில்லை. மீதிப் பாதி கம்பெனி வேலை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2010-லிருந்து ஒரகடமும் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று களைகட்டியது. பெரிய கம்பெனிக்குப் பின்னால் நட்டு, வாஷர், ரப்பர் ட்யூப் சப்ளை பண்ணும் குட்டிக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு வாஷரும் ஒரு டப்பாவில் போக வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் லேபிள் இருக்க வேண்டும். அண்ணாச்சி அச்சகம் வைத்தது வீண் போகவில்லை.

அவருடைய பேரேட்டில் 'ரீபிரிண்ட்' என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரு தடவை அடித்துத் திரும்பி வந்ததை மறுபடி அடித்த செலவு. போன வருஷம் அதில் ஒரு பெரிய தொகையை எழுத வேண்டி வந்தது. 38,000 ரூபாய்.

பார்ட்டி ஒரு ரப்பர் பாகக் கம்பெனி. டப்பாவைச் சுற்றி மாட்டும் அட்டை ஐயாயிரம் வேண்டும் என்றார்கள். வெள்ளை ஆர்ட் கார்டு, நடுவில் அவர்கள் சின்னம் நல்ல நீலத்தில், கீழே கறுப்பில் பார்ட் நம்பர் வகையறா. சின்னத்தை அவர்கள் அனுப்பியது வாட்ஸ்அப்பில், ஒரு படமாக. அச்சகத்தில் டிசைன் பார்க்கும் பையனுக்கு இருபத்திமூன்று வயசு. சம்பளம் பதினையாயிரம். அவன் அதை கோரல் ட்ராவில் வைத்து, எழுத்தெல்லாம் சேர்த்து, பி.டி.எஃப். ஆக்கி பார்ட்டிக்கு அனுப்பினான். கட்டைவிரல் வந்தது. ஃபைல் ப்ளேட் போடும் கடைக்குப் போனது. ப்ளேட் வந்தது. மிஷின் ஓடியது. லேமினேஷன், டை கட்டிங் எல்லாம் முடிந்து, அட்டை ஒரகடம் போய், மறுநாள் அதே டெம்போவில் திரும்பி வந்தது.

"எங்க கம்பெனி கலர் நீலம் சார். நீங்க கத்திரிக்காய் அடிச்சு அனுப்பியிருக்கீங்க" என்றார் பார்ட்டியின் பர்ச்சேஸ் ஆபீஸர். போய்ப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு ஏற்ற பக்குவமான ஊதா.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இத அந்தப் பய சம்பளத்துல மாசம் மூவாயிரமாப் பிடிச்சிருங்க."

பையன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டு வாடகையே ஐயாயிரம். எனக்குப் பேனா ஓடவில்லை. கருணை என்று நினைக்காதீர்கள், பி.காம்.மில் இண்டஸ்ட்ரியல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. 1936-ம் வருஷத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டம் என்ன சொன்னதென்றால், நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதானால் அந்த நஷ்டம் அந்த ஆளின் அலட்சியத்தாலோ தவறாலோ வந்திருக்க வேண்டும்; பிடிப்பதற்கு முன்னால் அவன் தரப்பைக் கேட்க வேண்டும். 2019-ல் கொண்டுவந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே விஷயம் இருக்கிறது. சம்பளம் வாங்குகிற எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. பரீட்சைக்குப் பிறகு அந்தப் பேப்பர் எனக்குப் பயன்பட்டது இந்த ஒரு தடவைதான்.

"அண்ணாச்சி, ரெண்டு நாள் டயம் குடுங்க. எந்தத் தலைப்புல எழுதறதுன்னு பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

அந்த ரெண்டு நாளில் பையன், ப்ளேட் கடைக்காரர், மிஷின்மேன் மூன்று பேரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். நாளைக்கே உங்கள் மேனேஜர் "அந்தக் காலண்டர் வேலையை நீ பார்த்துக்கப்பா" என்று தலையில் கட்டலாம்.

* * *

கம்ப்யூட்டர் திரை வரவுக் கணக்கு. காகிதம் செலவுக் கணக்கு. முழு விஷயமும் இதில் அடக்கம்.

அணைந்த திரை கறுப்பு. கையிருப்பு பூஜ்யம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சத்தை வரவு வைக்கிறார்கள். கூட்டக் கூட்டப் பிரகாசம். மூன்றையும் முழுசாகப் போட்டால் வெள்ளை. இதற்குத்தான் ஆர்.ஜி.பி. என்று பெயர். உங்கள் செல்போன், டி.வி., கேமரா எல்லாம் இந்தக் கட்சி.

காகிதம் நேர் எதிர். வெள்ளைத் தாளை எடுக்கும்போதே முழு வெளிச்சமும் கையில் இருக்கிறது. மை பூசுவதெல்லாம் செலவு. சையான் மை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கும். மஜந்தா பச்சையை விழுங்கும். மஞ்சள் நீலத்தை விழுங்கும். மிச்சம் மீதி என்ன தாளிலிருந்து திரும்பி வருகிறதோ, அதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிற கலர். மூன்று மையையும் முழுசாகப் பூசினால் கணக்குப்படி கறுப்பு வர வேண்டும். வருவது என்னவோ மழைக்காலத்தில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் சேற்றின் நிறம். மை கம்பெனியில் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் மைக்கு அந்த நாணயம் கிடையாது. விழுங்கக்கூடாததையும் கொஞ்சம் விழுங்கும். அதனால்தான் நாலாவதாகக் கறுப்பு மை. சி.எம்.ஒய்.கே. என்பதும், அச்சகத்தில் 'நாலு கலர்' என்பதும் ஒன்றுதான்.

இந்த நாலு மையும் அடர்த்தி கூடிக் குறைந்து பூசப்படுவதில்லை என்பது எனக்கே புதுசு. எல்லாம் புள்ளி. வெளிர் நீலம் என்றால் சின்னச் சின்ன நீலப் புள்ளி, நடுவில் வெள்ளைத் தாள். கரு நீலம் என்றால் பெரிய புள்ளி. நல்ல தாளில் ஓர் அங்குலத்துக்கு 150 வரிசை. அச்சடித்த ஒரு கலர் போட்டோவை லென்ஸ் வைத்துப் பாருங்கள், நடிகையின் கன்னத்தில் அம்மை போட்ட மாதிரி தெரியும். நாலு மையின் புள்ளி வரிசைகளும் ஒரே திசையில் போனால் இரண்டு கொசுவலையை ஒன்றன் மேல் ஒன்று போட்ட மாதிரி அலை அலையாய்க் கோலம் விழும். அதைத் தடுக்க சையான் 15 டிகிரி, கறுப்பு 45, மஜந்தா 75, மஞ்சள் 0 என்று சாய்த்து வைக்கிறார்கள். ஒரு காலண்டர் முருகனுக்குப் பின்னால் இத்தனை ஜியோமிதி!

நம்ம நீலத்துக்கு வருவோம். பார்ட்டி அனுப்பிய சின்னத்தில் இருந்தது திரையின் சுத்த நீலம். சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255. அந்த மாதிரி ஒரு நீலத்தை நாலு மையால் கொண்டுவரவே முடியாது. திரை காட்டும் கலர்களில் காகிதத்துக்கு எட்டாதவை நிறைய உண்டு. பளீர் கிளிப்பச்சை, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, ரேடியம் பிங்க், இந்த மின்சார நீலம். எட்டாததை என்ன செய்வது? பக்கத்தில் இருப்பதில் எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. ஃபோட்டோஷாப்பில் வெகுகாலமாக இருந்துவரும் அமெரிக்க செட்டிங்கில் இந்த நீலத்தை மாற்றிப் பாருங்கள்: சையான் 88, மஜந்தா 77 என்று வரும். நீலத்தில் மஜந்தா அவ்வளவு நெருங்கினாலே ஊதாதான். மிஷினில் மஜந்தா மை ஒரு நூல் கூடுதலாகப் பாய்ந்தால் கத்திரிக்காய்.

வாசலிலேயே தடுத்திருக்கலாம். அச்சில் நீலம் நீலமாகவே வர வேண்டுமானால் மஜந்தாவை சையானைவிட 30 புள்ளியாவது குறைவாக வைக்க வேண்டும். சையான் 100, மஜந்தா 60 என்று கையால் போட்டால் போதும். திரையில் பார்த்த பளபளப்பு வராது. ஆனால் எவரும் அதைக் கத்திரிக்காய் என்று சொல்ல முடியாது.

பையனுக்கு இது தெரியாதா? "தெரியும்ணே" என்றான். "ஆனா நான் கன்வர்ட்டே பண்ணலை. பார்ட்டி குடுத்த லோகோ, நாம கை வைக்கக்கூடாதுன்னு அப்படியே வெச்சேன். திரையில நீலமாத்தான் இருந்துச்சு."

ப்ளேட் கடைக்காரரைக் கேட்டேன். "ஃபைல் ஆர்.ஜி.பி.யா வந்தா எங்க சாஃப்ட்வேரே நாலா பிரிச்சுடும் சார். நாங்க பார்க்க மாட்டோம். ஒரு நாளைக்கு இருநூறு ஃபைல் வருது."

மிஷின்மேன்? "ப்ளேட்ல என்ன இருக்கோ அதைத்தானே ஓட்ட முடியும். சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்னாங்க."

பர்ச்சேஸ் ஆபீஸர்? கட்டைவிரல்.

ஆக, நீலத்தை ஊதாவாக்கியது எந்த மனுஷனும் இல்லை. ஒரு செட்டிங். அதை அமைத்தவர் யார் என்று எவருக்கும் ஞாபகம் இல்லை.

* * *

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கலரை நாலாகப் பிரிக்கிற இந்த வேலையை கம்ப்யூட்டர் வருவதற்கு முன் யார் செய்தார்கள்?

ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்தபோது அது கல் அச்சு. நம் தாத்தா வீட்டுப் பூஜை அறைகளில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஒவ்வொரு கலருக்கும் தனித்தனிக் கல். ஓவியத்தைப் பார்த்து, இந்தப் புடவையின் சிவப்பில் மஞ்சள் எவ்வளவு, ரோஸ் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் கையால் வரைய ஓர் ஆள் இருந்தார். அவர் தப்பாகப் பிரித்தால் லட்சுமிக்கு மஞ்சள் காமாலை.

சிவகாசியில் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் தீப்பெட்டித் தொழிலை ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டர் வராமல் இருக்குமா? கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் காலண்டர்களில் ஏறித் தமிழ்நாட்டு வீடுகள் பூராவும் மாட்டப்பட்டன. அவர் 1976-ல் காலமாகும்வரை இந்த வேலைக்கு கம்ப்யூட்டர் கிடையாது. ஓவியத்தை ராட்சதக் கேமரா முன் வைத்து, சிவப்பு ஃபில்டர் போட்டு சையானுக்கு ஒரு நெகட்டிவ், பச்சை ஃபில்டரில் மஜந்தாவுக்கு, நீல ஃபில்டரில் மஞ்சளுக்கு என்று எடுப்பார்கள். அப்புறம் ரீடச்சர் என்று ஒருத்தர் பிரஷ்ஷும் ரசாயனமும் வைத்துக்கொண்டு ஃபிலிமில் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, மஜந்தா தூக்கல், மஞ்சள் கம்மி என்று சரி பண்ணுவார்.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் மாறியது. "நான் பதினாறு வயசுல கேமரா ரூம்லதாம் தம்பி எடுபிடியாச் சேந்தேன். ரீடச்சருக்குத் தனி ரூம். ஏ.சி. முதலாளி ரூம்ல கூட ஃபேன்தாம். மிஷின்மேனவிட சம்பளம் ஜாஸ்தி. அவரு பாத்து சரின்னு சொல்லாம ஒரு ஃபிலிம் ப்ளேட்டுக்குப் போகாது."

"அவர் நாற்காலி இப்ப எங்க அண்ணாச்சி?"

பதில் இல்லை. ஸ்கேனர் வந்தது, டி.டி.பி. வந்தது; பிறகு ஃபிலிமே இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேரே ப்ளேட் போடும் சி.டி.பி. வந்தது. ஒவ்வொன்றாக வரவர அந்த நாற்காலி முதலில் ஓரமாய்ப் போய், பிறகு காணாமலே போய்விட்டது. வேலை மட்டும் போகவில்லை. அரை விநாடியில், எவரும் பார்க்காமல், அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பொறுப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி இறங்கி, பதினையாயிரம் ரூபாய்ப் பையன் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏ.சி. கிடையாது, சம்பள உயர்வு கிடையாது, நஷ்டம் மட்டும் அவன் பேரில்.

அண்ணாச்சி நல்ல மனுஷர்தான். ஆனால் 38,000 ரூபாய் நஷ்டப்பட்டவரிடம் சரித்திரம் பேசினால் எவ்வளவு நேரம் கேட்பார்? கணக்குதான் அவரை அசைத்தது. "அண்ணாச்சி, இந்த அட்டையில மொத்தம் ரெண்டே கலர். நீலம், கறுப்பு. எதுக்கு நாலு ப்ளேட் போட்டோம்?" என்று கேட்டேன். போட்டோ எதுவும் இல்லை, ஒரு சின்னம், கொஞ்சம் எழுத்து. இதற்கு நீல மையைத் தனியாகக் கலந்து ஒரு ப்ளேட், கறுப்புக்கு ஒரு ப்ளேட் போதும். நீலம் புள்ளிகளால் வராது, அதே நீல மையால் வரும். முதல் அட்டையும் ஐயாயிரமாவது அட்டையும் ஒரே நீலம். பெரிய கம்பெனிகள் தங்கள் சின்னத்துக்கு அப்படித்தான் செய்கின்றன. அமெரிக்காவின் பாண்டோன் 1963-ல் ஒவ்வொரு கலருக்கும் நம்பர் கொடுத்து விசிறி மாதிரி ஒரு புஸ்தகம் போட்டது இதற்காகத்தான். 'நல்ல நீலம்' என்றால் உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நம்பர் சொன்னால் டோக்கியோவிலும் ஒன்றுதான், ஒரகடத்திலும் ஒன்றுதான்.

ரீபிரிண்ட் அப்படியே போனது. இரண்டு ப்ளேட் செலவு மிச்சம். பார்ட்டி, தாங்கள் கலர் நம்பர் கொடுக்கவில்லை என்பதை முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டு, அட்டைக் காசை மட்டும் தந்தார்கள். மீதியைப் பேரேட்டில் 'புரூஃப் எடுக்காத செலவு' என்று புதுத் தலைப்பில் எழுதினேன். பையன் சம்பளத்தில் கை வைக்கவில்லை. தீபாவளி போனஸில் கொஞ்சம் குறைந்தது என்று கேள்வி. அது என் கையால் எழுதிய கணக்கில்லை.

* * *

ஒரு நீலத்தோடு போயிற்றா என்றால், இல்லை. மிஷின்மேன் காட்டிய இன்னொரு பூதம் கறுப்பு.

வேர்டில் டைப் பண்ணிய ஃபைலை அச்சகத்துக்குக் கொடுப்பது நம் ஆபீஸ்களில் வழக்கம். வேர்டின் கறுப்பு ஆர்.ஜி.பி. கறுப்பு. மேற்படி செட்டிங் அதை சையான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நாலு மையிலும் பிரித்துவிடும். எட்டுப் பாயிண்ட் எழுத்தை நாலு தடவை, ஒன்றன் மேல் ஒன்றாக, மயிரிழை பிசகாமல் அடிக்க வேண்டும். காகிதம் ஈரத்தில் துளி நீண்டாலும் எழுத்துக்குப் பின்னால் ரோஸும் நீலமுமாக ஆவி நிற்கும். ஆங்கில எழுத்தாவது பரவாயில்லை. நம் 'ண'வின் மூன்று சுழியும் 'ஞ'வின் வயிறும் அடைத்துக்கொண்டு, அண்ணனா அன்னமா தெரியாது. எழுத்து எப்போதும் வெறும் கறுப்பு 100. அக்ரோபாட்டின் சம்பளம் கொடுத்து வாங்கும் வகையறாவில் 'அவுட்புட் ப்ரிவ்யூ' என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்தெல்லாம் சுத்தமாக மறைந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நிழலாகவாவது நின்றால் ஃபைல் திரும்பப் போக வேண்டும்.

அப்புறம் 'செட் ஆஃப்'. காமர்ஸில் செட் ஆஃப் என்றால் உன் கடனுக்கும் என் கடனுக்கும் கழித்துக்கொள்வது. அச்சகத்தில், காயாத மை மேலே வந்து விழும் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்வது! நாலு மையும் நூறு நூறாகப் போட்டால் மொத்தம் 400. எந்தத் தாளும் அதைக் குடிக்காது. ஆர்ட் பேப்பரில் கிட்டத்தட்ட 300, நியூஸ்பிரிண்ட்டில் 240-க்குள் நிறுத்தச் சொல்வார்கள். பின்னணியைக் கறுப்பாக வைத்துப் பந்தாவாக டிசைன் செய்கிறவர்கள் இந்தக் கூட்டலை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கான்ட்ரா என்ட்ரி. ஓர் இடத்தில் சையான், மஜந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் அவற்றில் பொதுவான பங்கு வெறும் சாம்பல் நிறம்தானே? அந்தப் பங்கை மூன்றிலிருந்தும் கழித்துவிட்டு, பதிலுக்குக் கறுப்பு மையை வைக்கிறார்கள். கலர் மாறாது, கலர் மை மிச்சம், தாளும் சீக்கிரம் காயும். ஜி.சி.ஆர். என்று இதற்குப் பெயர். இதைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் காமர்ஸ்காரர் என்று நான் சொன்னால், மிஷின்மேன் சிரிக்கிறார்.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சில் வெள்ளை மை கிடையாது. தாளின் வெள்ளைதான் வெள்ளை. மஞ்சள் ஓடிய தாளில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையும் மஞ்சள்தான். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் புள்ளி வைத்த இடத்தில் நிற்கும். மேப்லித்தோவில் ஊறிப் பெருக்கும், கலர் மங்கும், நிழல்கள் இருட்டும். ஒரே ஃபைலை இரண்டு தாளுக்கும் கொடுப்பது அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவது மாதிரி. அதனால் தாள் எது என்று முடிவான பிறகுதான் கலரை மாற்ற வேண்டும். ஆர்.ஜி.பி. ஒரிஜினலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாற்றிய நகலைக் கடைசியாக எடுங்கள். ஒரு தடவை சி.எம்.ஒய்.கே. ஆனதை மறுபடி ஆர்.ஜி.பி. ஆக்கினால் போன பளபளப்பு திரும்பாது. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்கப் பார்ப்பதுதான்.

எந்தத் தாளுக்கு எந்தக் கணக்கில் மாற்றுவது என்பதற்கு 'ப்ரொஃபைல்' என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கிறது. 1993-ல் ஆடோபி, ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 8 கம்பெனிகள் ஐ.சி.சி. என்ற அமைப்பாகக் கூடி இதற்குப் பொது பாஷை ஏற்படுத்தினார்கள். கிரிக்கெட் ஐ.சி.சி. இல்லை! அச்சகத்தில் "எந்த ப்ரொஃபைலுக்கு மாத்தித் தரட்டும்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் பெரிய பாக்கியம். "அதெல்லாம் எதுக்கு சார், நீங்க குடுங்க நாங்க பார்த்துக்கறோம்" என்றால், அதே தாளில் அவர்கள் முன்பு அடித்த ஒரு வேலையைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புரூஃப் என்றால் காகிதத்தில். செல்போன் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் கலரைத் தூக்கிக் காட்டி நம்மை சந்தோஷப்படுத்தவே பிறந்தது. ஆபீஸ் கலர் பிரிண்டரில் எடுத்த தாளும் ஆஃப்செட்டுக்கு ஜாமீன் இல்லை. அதன் மை வேறு. அதே ப்ரொஃபைலில் சரியாக எடுத்த புரூஃபைக் கேட்டு வாங்கி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பதற்கும் சர்வதேச விதி இருக்கிறது, 5000 கெல்வின். அந்த விளக்கு இல்லாத இடத்தில், உச்சி வெயில் நேரடியாகப் படாத ஜன்னல் ஓரம் போதும் என்கிறார் அண்ணாச்சி.

இப்போது பையன் எந்த ஃபைல் வந்தாலும் மூன்று கேள்வி கேட்கிறான்: சின்னத்துக்குக் கலர் நம்பர் உண்டா, என்ன தாள், புரூஃபில் யார் கையெழுத்துப் போடுவார். பாதி பார்ட்டிகளுக்குக் கோபம் வருகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகைக்காரர், பெண்ணின் அப்பா, அவனிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார். பத்திரிகையில் விநாயகர் தங்கமாக மின்ன வேண்டுமாம். நாலு கலரில் தங்கம் கிடையாது, பழுப்பு மஞ்சள்தான் வரும், மின்ன வேண்டுமென்றால் அஞ்சாவதாகத் தங்க மையோ ஃபாயிலோ தனியாகப் போட வேண்டும், பத்திரிகைக்கு இவ்வளவு கூடும் என்று பையன் விளக்கினான்.

"போன்ல மின்னுதே தம்பி?" என்றார் அவர்.

"போனையே குடுத்து அழைச்சிடுங்க சார்" என்றான்.

கடைசியில் ஃபாயில் போட்டுத்தான் வாங்கிப் போனார். முன்பணம் வரவு வைத்தாகிவிட்டது.